அடுப்பு எரியும்வரை வேட்டில்லை

எங்கள் ஊரில் கொடைத் திருவிழா நடந்தால் பக்கத்து ஊருக்குத் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற சாலையில் எந்த ஊரில் அம்மன் கொடை என்றாலும், மத்தியான பூசை முடிந்து அம்மன் தெருவுக்கு வரும்போது போடுகிற வேட்டில் நாய்களெல்லாம் கரிசல்காட்டுக்குள் ஓடிப் பதுங்கும். எங்கள் ஊரில் வேட்டு கிடையாது. மேளத்தைக்கூட அடக்கித்தான் வாசிக்கச் சொல்வார்கள். புதிதாக வருகிற மேளக்காரர்கள், ஊரில் ஏதும் துக்கமா என்று கேட்பார்கள். "பட்டாளத்து அண்ணாச்சிக்காக" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டைக் கைகாட்டுவார்கள்.

அந்தப் பட்டாளத்து அண்ணாச்சி என் வீட்டுக்காரர். அவர் இப்போது அந்த வீட்டில் இல்லை. நான்தான் இருக்கிறேன்.

இந்த வருசம் கொடையன்று காலையில் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தேன். விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தை இங்கே வைத்து நானே பார்த்தேன். இந்தத் தடவை ரத்தக் கொதிப்பு இருக்கிறது, அலைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மாவும் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். விடியும்போதே வலி கண்டுவிட்டது என்று மருமகன் போன் பண்ணினார். பெற்றவள் அதற்கப்புறம் ஒரு நிமிடம் நிற்பாளா? நான் நின்றேன். நான் பஸ் ஏறினால் மத்தியானம் ஊரில் வேட்டு வெடிக்கும். வெடிக்கக் கூடாது என்றால் பூசை முடியும்வரை நான் அந்த வீட்டைவிட்டு நகரக் கூடாது.

அப்படி என்ன கட்டாயம் என்று கேட்பீர்கள். நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் உண்டு. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை. அதுவும் வேண்டாம் என்கிறவனுக்குப் பட்டாளம். அதனால் பட்டாளத்தான் வீட்டைப் பார்த்துக்கொள்வது ஊருக்குக் கைவந்த வேலை. முதல் மழை விழுந்ததும் யார் நிலத்திலும் ஏர் இறங்காது. எல்லையில் இருக்கிறவன் நிலத்தில் விதைத்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் தங்கள் காட்டுக்குப் போவார்கள். அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் என் காட்டில் நான் விதை தூவியதே இல்லை. சோறு கொண்டுபோனால் "எங்களுக்கு வீட்டுலயே சோறு வரும் மைனி, நீங்க வெயில்ல அலையாதீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் முன்னின்று நடத்துகிறவர் என் கொழுந்தனார். சொந்தக் கொழுந்தன் இல்லை, ஊர் முறைக்கு அப்படி. அவரும் பட்டாளத்தில் இருந்து சீக்கிரமே திரும்பி வந்தவர். ஊரில் முன்னாள் ராணுவத்தாருக்கு ஒரு சங்கம் வைத்திருக்கிறார். ஓய்வூதிய வேலையாக எந்த விதவையையும் தனியாக ஆபீசுக்கு அலையவிட மாட்டார், கூடவே போவார். காலையில் கண்மாய்க்கரையில் ஊர்ப் பயல்களை ஓட வைத்து ஆள் சேர்ப்புக்குத் தயார் பண்ணுவார். அவர் அதட்டினால் மீசை முளைத்தவனும் அழுதுவிடுவான். அப்படி ஒரு குரல்.

எனக்கு அவர் செய்தது வேறு. என் மகள் பிறந்த அன்று ஐப்பசி மழை. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். என்னை ஏற்றிக்கொண்டு போன டிராக்டரின் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எல்லையில். விடுப்பில் வந்திருந்த இந்தக் கொழுந்தனார்தான் இடுப்பளவு சகதியில் இறங்கி, தோளைக் கொடுத்துத் தள்ளி, என்னைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அரை மணி நேரம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார்கள். அவரைப் பார்த்து நான் எப்படி வாயைத் திறப்பேன்?

என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்று வந்தபோது பஸ் நிறுத்தத்திலிருந்து மேளதாளத்தோடு அழைத்து வந்தார்கள். வந்தவர் சும்மா இருக்கவில்லை. வீட்டை ஒட்டி ஒரு மாவு மில் போட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை மோட்டார் ஓடும். எனக்குத் தலைவலி. அவரோ கம்பு மூட்டையின் மேலேயே படுத்து அப்படித் தூங்குவார். பட்டாளத்தில் தூங்காத தூக்கத்தையெல்லாம் இங்கே தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அந்த வருசக் கொடையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அம்மன் தெருவுக்கு வந்ததும் சரவெடியைக் கொளுத்தினார்கள். அது வெடித்துக்கொண்டே வந்து நடுவில் நின்றுபோனது. திரி அணைந்துவிட்டது என்று எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தார். வெடிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பிள்ளையைக் கீழே தள்ளி, அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அடுத்த நொடி மிச்ச வெடி வெடித்தது. எழுந்தபோது வேட்டியெல்லாம் மண். முகம் வெளிறிக் கிடந்தது. பிள்ளையைப் பெற்றவள் அவர் காலில் விழுந்து அழுதாள். தெருவே அழுதது. எனக்கும் கண் கலங்கியது, ஆனால் பெருமையாகவும் இருந்தது.

ஒன்று மட்டும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில் கொழுந்தனார் இல்லை. ஒவ்வொரு கொடைக்கும் வேட்டுப் போடுகிற நேரத்தில் அவருக்கு வாழையிலையோ ஐஸ் கட்டியோ வாங்கக் கோவில்பட்டியில் ஏதாவது வேலை வந்துவிடும். தீபாவளிக்குக் காதில் பஞ்சு வைத்திருப்பார். கேட்டால் காதுவலி என்பார். வருசா வருசம் சரியாக அந்த நாளில் வரும் காதுவலியை ஊரில் ஒருத்தரும் ஏனென்று கேட்டதில்லை.

மறுநாள் கோவில் முன்னால் ஊர் கூடியது. கொழுந்தனார்தான் பேசினார். "அண்ணாச்சி எல்லையில பட்டது போதும். வேட்டுச் சத்தம் கேட்டா அவியளுக்கு உடம்பு என்ன பாடுபடும்னு நமக்குத் தெரியாது. நாட்டுக்காக நின்ன மனுசனுக்காக நாம ஒரு வேட்ட விட்டுக்குடுக்கக் கூடாதா?" என்றார். குரல் நடுங்கியது. பாசத்தில் நடுங்குகிறது என்று நினைத்தோம். ஆனால் வேட்டு அம்மனுக்கு உரியது, மனிதர்கள் நிறுத்த முடியுமா என்று ஒருவர் கேட்டார். அம்மனிடமே கேட்போம் என்று முடிவாயிற்று. சாமியாடி, காடுகளில் ஆட்டுக்கிடை போடுகிற குடும்பத்துக்காரர், சாந்தமான மனிதர். அருள் வந்து அவர் சொன்னதை ஊர் இன்றுவரை மாற்றவில்லை. "பட்டாளத்தான் வீட்டு அடுப்பு எரியிற வரைக்கும் எனக்கு வேட்டு வேண்டாம். நான் தெருவுக்கு வரும்போது அந்த அடுப்புல காச்சின பால அவன் பொஞ்சாதி கையால எனக்குக் குடுக்கணும். வீடு பூட்டிக் கிடந்தா வேட்டு போடுங்க."

கேஸ் அடுப்பு கணக்கில் சேருமா, விறகு அடுப்புதான் வேண்டுமா என்று அதற்கப்புறம் ஒரு விவாதம் நடந்தது. பால் பொங்கினால் போதும் என்று முடித்தார்கள். நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

வேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு நல்லது செய்ய ஆரம்பித்தால் அதை ஒரு வழி பண்ணாமல் விடமாட்டார்கள். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி போனது. சாவு வீட்டில் கொட்டு அடக்கமாயிற்று. எங்கள் தெருவில் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடினால் "ஏலே, அங்கன போய் விளையாடுங்கல, அண்ணாச்சி வீடு இருக்குல்லா" என்று விரட்டினார்கள். பால்காரர் மணி அடிப்பதை விட்டுவிட்டு வாசலில் நின்று செருமுவார். கடைசியில் மில்லுக்கும் வந்துவிட்டார்கள். மோட்டார் சத்தம் அண்ணாச்சிக்கு ஆகாது என்று யாரோ ஒரு மகராசி சொல்லியிருக்கிறாள். ஒவ்வொருத்தியாகக் கம்பையும் மிளகாயையும் பக்கத்து ஊர் மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் சும்மா இருப்பேனா? தெருமுனையில் மூட்டையோடு போனவளை மறித்தேன். "ஏட்டி, இங்கன மில்ல வச்சிக்கிட்டு எங்க போற? அவியளுக்கு மோட்டார் சத்தம் ஒண்ணும் செய்யாது. மில்லு ஓடுனாத்தான் அவிய ஆளா இருப்பாவ."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "அவிய அப்படித்தான் சொல்லுவாவ மைனி. நமக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு சொல்லுதாவ. எப்பேர்ப்பட்ட மனசு" என்றாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கே போனாள்.

இந்த மாதிரி ஆட்களிடம் என்ன சொல்லிப் புரிய வைப்பது? வேண்டாம் என்றால் பெருந்தன்மை. வேண்டும் என்று சொல்ல வாய் வராது. கோபப்பட்டால் பாவம், பட்டாளத்து வீட்டுக் கஷ்டம். நல்லது செய்தே கையைக் காலைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

மில் நின்றது. வீடு அமைதியானது. அந்த அமைதியில் இவர் தூக்கத்தை விட்டார். படுப்பார், எழுந்து உட்காருவார், வாசலைப் பார்ப்பார். சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. காரணமே இல்லாமல் என்மேல் எரிந்து விழுவார், நானும் பதிலுக்கு விழுவேன். வாசலில் ஆள் அரவம் கேட்டதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம். சண்டைச் சத்தம் கேட்டால் அதற்கும் ஊர் கூடி ஏதாவது நல்லது செய்துவிடுமே என்ற பயம்.

பிறகு தினமும் காலையில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். எங்கே என்றால் "கோவில்பட்டிக்கு" என்பார். என்ன வேலை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். சாயங்காலம் திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயசில் இது வேறயா என்று வயிறு எரிந்தது. ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அவர் கோவில்பட்டி ஸ்டேஷனுக்குள் போனார். பாசஞ்சர் ரயிலில் ஏறினார். நான் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன். மனசுக்குள் அந்தப் பொம்பளையை என்னென்ன திட்டவேண்டும் என்று வரிசையாகத் தயார் செய்துகொண்டேன். அவர் மணியாச்சியில் இறங்கினார்.

நானும் இறங்கித் தள்ளி நின்றேன். ஜங்ஷனில் நடைமேடைக் கோடியில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் டப்பாவைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தது. நிற்காமல் போகிற ரயில். நடைமேடை அதிர்ந்தது, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவர் தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, பச்சைப்பிள்ளைபோல். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் தூங்கி அன்றைக்குப் பார்த்தேன். ரயில் போய் முடிந்து சத்தம் அடங்கியதும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். எழுந்தவர் எதிரில் நான் நின்றேன்.

தயார் செய்து வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்குங்க இங்கன வந்து படுக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"சத்தம் கேட்டா பயமில்லட்டி" என்றார். "அங்க எல்லையில சுடுத சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எதிரி எங்கன இருக்கான்னு தெரியும். தூங்கக்கூடச் செய்வோம். நின்னுபோச்சுன்னாத்தான். அடுத்தது எங்கன விழும்னு தெரியாது. அன்னைக்குக் கொடையில வெடி நடுவுல நின்னுச்சுல்லா. வெடிச்சதுக்கு நான் பாயல. நின்னதுக்குப் பாஞ்சேன்."

ஊரே சேர்ந்து பொத்திப் பொத்திக் கொடுத்தது, இந்த மனிதருக்கு ஆகவே ஆகாத ஒன்றை. "இத ஊர்ல சொல்லுறதுக்கு என்ன? நான் சொல்லுதேன். இன்னைக்கே கூட்டத்தக் கூட்டுதேன்" என்று எழுந்துவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சொல்லக் கூடாது. வேட்டு வந்தா அவன் செத்துப்போவான்."

எவன் என்று கேட்டேன். சொன்னார். ஓய்வுபெற்று வந்த முதல் வாரம் இரண்டு பேரும் சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு லாரியின் டயர் வெடித்திருக்கிறது. கொழுந்தனார் டம்ளரைப் போட்டுவிட்டு இவர் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வேட்டி நனைந்திருந்தது. இவர்தான் தன் துண்டை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டி, ஒருத்தருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்று அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதாராம்.

கண்மாய்க்கரையில் பயல்களை அதட்டுகிற அந்தக் குரல் எனக்கு நினைவு வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அவர் சொல்லை நம்பித்தான் பட்டாளத்துக்குப் போகிறார்கள். வெடிச் சத்தத்தில் வேட்டி நனைக்கிறவர் என்று தெரிந்தால் ஒரு பயல் அவர் முன்னால் ஓடுவானா? அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பாரா? அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அவளும் இத்தனை வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அவனாக் கேட்டிருந்தா ஊர் வேட்ட நிறுத்தியிருக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர். "எம்பேரச் சொல்லிக் கேட்டான். நான் இல்லன்னு சொன்னா அவன் அம்மணமா நிப்பான்."

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இதுவரை ஊர்தான் எங்களைக் கட்டிப்போட்டிருந்தது. இப்போது முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை நான் அவிழ்க்கவும் கூடாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அடுத்த சில மாதங்களில் அவர் எலும்பும் தோலுமாக ஆனார். கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் காவலாளி வேலை இருக்கிறது, உள்ளேயே தங்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். பகலும் இரவும் மெஷின் நிற்காத இடம். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. மறு நிமிடமே, "நாம போனா வீடு பூட்டிக் கிடக்கும். வேட்டு வந்துரும்" என்றார்.

"சாமி அடுப்பத்தானே சொல்லிச்சு? பொஞ்சாதி கையத்தானே சொல்லிச்சு?" என்றேன். "நீங்க போங்க. நான் இருக்கேன்."

யோசித்துச் சொன்னதில்லை. தூங்காத அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் சொன்னது. அந்த வாரமே வேலையில் சேர்ந்தார். இரண்டே மாதத்தில் கன்னம் தேறிவிட்டது. வார விடுமுறையில் பகலில் வந்து, மில் மோட்டாரைச் சும்மா கொஞ்சம் ஓடவிட்டு, சாப்பிட்டு, சாயங்காலம் போய்விடுவார். நான் போய் அவரோடு இருக்க முடியாது. மகள் வீட்டுக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து விளக்கேற்ற வேண்டும். வீடு பூட்டிக் கிடந்தது என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

அவர் போன பிறகு வந்த முதல் கொடைக்கு முன்னால் இளவட்டப் பயல்கள் கூட்டம் கூட்டினார்கள். "அண்ணாச்சிதான் கோவில்பட்டிக்குப் போயிட்டாவள்லா. இனி வேட்டு போடலாமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தலையாட்டினவர்கள் நிறையப்பேர். நான் கோவில் சுவர் ஓரமாகப் பெண்களோடு நின்றிருந்தேன். கொழுந்தனாரைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது. நான் முன்னால் போய் நின்றேன். "எங்க வீட்டுல அடுப்பு எரியுது. பால் நான் குடுப்பேன். அம்மன் வாக்க மாத்துறதுக்கு நீங்க யாருல?" என்றேன். கூட்டம் கலைந்தது. சாமிமேல் எனக்கு அவ்வளவு பக்தியா என்று பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன்.

அந்த வருசக் கொடையன்று காலையில் கொழுந்தனார் எங்கள் வாசலில் வந்து நின்றார். "அடுப்பு பத்த வச்சாச்சா மைனி?" என்று கேட்டார். வச்சாச்சு என்றேன். போகாமல் நின்றார். தரையைப் பார்த்தபடி, "உங்களுக்குத் தெரியும்லா" என்றார். தெரியும் என்றேன். "அடுத்த வருசம் நானே ஊர்ல சொல்லிருதேன் மைனி. உங்கள இப்படிக் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது" என்றார். அவர் சொன்ன விதத்தில் நான் நம்பினேன்.

இந்த வருசமும் அதே வாசல், அதே நேரம். வந்தவர் என் தோளில் கிடந்த பையைப் பார்த்தார். கேட்க வந்த கேள்வியைக் கேட்கவில்லை.

"எங்க மைனி?"

"மகளுக்கு வலி கண்டுட்டு. உங்க அண்ணாச்சி கோவில்பட்டியில இருந்தே அங்க போயிட்டாவ. நானும் போகணும்."

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும், "போங்க மைனி. நம்ம பிள்ளைக்கு இல்லாமயா? இங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"என்னத்தப் பாத்துக்கிடுவீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து பஞ்சு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குள் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. பயல்கள் கோவில் பக்கம் வேட்டை இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி காலையிலேயே சொல்லியிருந்தாள். இவர் பஞ்சைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொல்லுகிறார். இந்தத் தடவை வாழையிலை வாங்கக் கோவில்பட்டிக்குப் போகிற எண்ணமில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. போகச் சொன்ன வாய் போகச் சொன்னது, கைகள் அந்தப் பஞ்சைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தன. அந்தக் கைகள்தான் அன்றைக்குச் சகதியில் டிராக்டரைத் தள்ளின. அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்குத்தான் இன்றைக்கு வலி.

எனக்குக் கருணை பொங்கியது என்று எழுத மாட்டேன். ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல், என் வீட்டுக்காரர்மேல், இந்த நல்ல ஊரின்மேல், பால் கேட்ட அம்மன்மேல். பையை ஆணியில் மாட்டினேன். அடுப்பைப் பற்ற வைத்துப் பால் சட்டியை நங்கென்று வைத்தேன். அவர் வாசலில் நின்று அந்தச் சத்தத்துக்கே தோளைக் குறுக்கினார். பிறகு போய்விட்டார்.

மத்தியானம்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடக்கின மேளத்தோடு அம்மன் தெருவுக்கு வந்தது. நான் பாலோடு வாசலுக்கு வந்தேன். சாமியாடி வாங்கிக் குடித்துவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசினார். அந்த நேரத்தில் போன் அடித்தது. ஒரு கையில் சொம்பு, மறு கையால் எடுத்ததில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. "பொம்பளப் பிள்ளட்டி. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ. இந்தா கேளு" என்று என் வீட்டுக்காரர் போனைப் பிள்ளை பக்கம் காட்டினார். என் பேத்தி வீறிட்டு அழுதாள். சத்தமில்லாத அந்தத் தெரு முழுக்க அந்த அழுகை கேட்டது.

எனக்குப் பக்கத்தில் நின்றவள், அன்றைக்கு மில்லுக்கு வராமல் மூட்டையோடு போனவள்தான், சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா வைங்க மைனி. அண்ணாச்சி வீட்டு முன்னாலல்லா நிக்கோம்" என்றாள். நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பிறந்த குழந்தையின் அழுகையைக் குறைத்து வைத்துக் கேட்டேன்.

அம்மன் கோவிலுக்குள் போனதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்தேன். அன்று ராத்திரி விளக்கேற்ற வராவிட்டால் என்ன என்று கேட்கிறவன் என் வாசலில் வந்து கேட்கட்டும் என்று கிளம்பினேன். ஆனாலும் தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனேன்.

கொழுந்தனார் பின்னாலேயே வந்து பையை வாங்கிக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். பயல்கள் வெடிக்காத வேட்டைச் சாக்கில் கட்டி எங்களைக் கடந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவரைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். அவரும் அடித்தார்.

கோவில்பட்டி பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. "அடுத்த வருசம் நானே ஊர்ல சொல்லிருதேன் மைனி" என்றார். போன வருசமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின வருசமும்.

"சரி. பையக் குடுங்க" என்றேன்.